அவன் இன்றைக்கும் விற்கிறான்

சட்டைப் பையில் இருந்த போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. கதிரேசன் அதை எடுக்கவில்லை. எடுக்காமலேயே என்னவென்று தெரியும், நூறு ஷேர் விற்றுப்போயிருக்கிறது, மீதி இருநூறு நிற்கிறது. சற்றுமுன் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், குடிதண்ணீர்க் குழாய்க்கு அருகே சுவரைப் பார்த்து நின்றபடி ஆர்டரைப் போட்டுவிட்டு வந்திருந்தார். பாட்டிலில் தண்ணீர் பாதிதான் நிறைந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் சிக்கந்தர் பாய் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்களை மூடியிருந்தார், வலது கண்ணின் ஓரத்திலிருந்து மருந்து கன்னத்தில் இறங்கித் தாடியில் போய் நின்றது. நர்ஸ் பெண் இரண்டாவது சொட்டு விட்டுவிட்டு, கண்ணைத் திறக்கக் கூடாது, கசக்கக் கூடாது, பாப்பா நல்லா விரியணும் ஐயா என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பாப்பா என்றால் கண்மணி என்று புரிந்துகொள்ள கதிரேசனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கூடம் முழுக்க இப்படித் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்தபடி மனிதர்கள். எல்லாரும் எதையோ நம்பி முகத்தை மேலே காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கண் திறந்திருப்பது கூட வந்தவர்கள் மட்டும்தான். அதில் தானும் ஒருவன், ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறவன், பாயின் மகன் ஷார்ஜாவில் இருக்கிறான், பாயின் மனைவிக்கு முழங்கால் வலி, அதனால் நான் வருகிறேன் பாய் என்று தானாகவே சொன்னவன். நல்லவன். அந்த நல்லவன் குழாயடியில் நின்று என்ன செய்தான்? ஒன்றும் செய்யவில்லை, தன்னுடையதைத் தான் விற்றான், யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டு விற்பதில்லை. போன் இன்னொரு முறை அதிர்ந்தால் முடிந்துவிடும். அதிரவில்லை. இடது மார்பில் அந்த இடம் மட்டும் தனியாகச் சூடாக இருப்பது போலத் தோன்றியது, தொட்டுப் பார்த்தார், போன் ஜில்லென்றுதான் இருந்தது.

அவன் இன்றைக்கும் வந்திருப்பான். எங்கேயோ உட்கார்ந்து இதே நேரத்தில் இதே ஷேரை விற்றுக்கொண்டிருப்பான். சித்திரையில்தான் முதலில் அவனைக் கவனித்தார். செண்பகா டியூப்ஸ் பெரிய கம்பெனி இல்லை, சொட்டுநீர்ப் பாசனத்துக்குக் குழாய் செய்கிற சின்னக் கம்பெனி, அதன் ஷேரை வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் சொற்பம், ஒரு ஷேர்கூடக் கைமாறாத நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட ஷேரில் திடீரென்று ஒவ்வொரு நாளும் ஐந்நூறு, அறுநூறு விற்பனைக்கு வரத் தொடங்கியது. வாங்க ஆள் இல்லாவிட்டால் ஒரு ரூபாய் குறைத்து நிற்பான். அப்போதும் ஆள் வராவிட்டால் இன்னொரு ரூபாய். அவசரமே கிடையாது, ஆனால் நிறுத்தவும் மாட்டான். நூற்று எண்பதில் இருந்த விலை நூற்று அறுபதுக்கு வந்தது, நூற்று நாற்பதுக்கு வந்தது. கம்பெனியில் ஒரு கெட்ட செய்தியும் இல்லை, காலாண்டுக் கணக்கு போன வருடத்தைவிட நன்றாகவே இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. கெட்ட செய்தி வந்து விலை இறங்கினால் மனசு எதையாவது பிடித்துக்கொள்ளும். காரணமே இல்லாமல் ஒருவன் தினமும் விற்றால், அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, நமக்குத் தெரியவில்லை. கதிரேசன் அவனுக்கு ஒரு முகம் வைத்துப் பார்த்தார். முதலில் பம்பாயில் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் இளைஞன். பிறகு கம்பெனி முதலாளியின் பங்காளி எவனாவது. பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சும்மா படுத்திருந்தபோது, ஒரு வயதான அம்மாள், புருஷன் வாங்கி வைத்துவிட்டுச் செத்துப்போன ஷேர், விலை என்ன என்றே கேட்காமல் வித்துடுங்கப்பா என்று புரோக்கரிடம் சொன்னவள். அந்த அம்மாளாக இருந்தால் ஒரு நாள் முடிந்துவிடும், அவளிடம் இருப்பது தீர்ந்துவிடும். பம்பாய்க்காரனாக இருந்தால் தீராது. ராத்திரி பல்லைக் கடிக்கிறீங்க என்று மனைவி வசந்தா சொன்னாள். ஒருநாள் கம்பெனி ஆபீசுக்கே போன் போட்டார். ஒரு பெண் எடுத்து, எல்லாம் நல்லாத்தான் சார் போகுது, ஏன் சார் கேக்குறீங்க என்றாள். அந்த ஏன் சார் கேக்குறீங்க அவர் காதில் ஒரு வாரம் கிடந்தது. அவள் எதையோ மறைத்தாளா, அல்லது நிஜமாகவே ஒருவன் போன் போட்டு இப்படிக் கேட்பதில் ஆச்சரியப்பட்டாளா.

குழாயை வளைத்துப் பார்த்துத்தான் அவர் இதை வாங்கினார், மற்றவர்களைப் போல யாரோ சொன்னான் என்று வாங்கவில்லை. பாலிடெக்னிக்கில் இருபத்தைந்து வருடமாகத் தண்ணீரின் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் பாடம் நடத்துகிறவர். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு தோட்டத்தில் இந்தக் குழாயைப் பார்த்தார், கையில் எடுத்து வளைத்தார், வெயிலில் மூன்று வருடம் கிடந்தும் வெடிப்பு விழாமல் மறுபடி நேரானது. பஸ்ஸில் போகும்போது திண்டுக்கல் தாண்டி அந்தத் தொழிற்சாலை வரும், வாசலில் லாரிகள் நிற்கும், உருகிய பிளாஸ்டிக் வாடை ஜன்னல் வழியே பஸ்ஸுக்குள் வந்துவிட்டுப் போகும், அந்த வாடையைக்கூட அவர் விரும்பத் தொடங்கியிருந்தார். மகபூப்பாளையத்தில் டீக்கடையில் வைத்து பாயிடம் சொன்னார். சிக்கந்தர் பாய் தபால் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர், எதையும் இரண்டு தரம் கேட்கிறவர். கடன் இருக்கா சார் கம்பெனிக்கு, வட்டி வாங்குறாய்ங்களா, வட்டி குடுக்குறாய்ங்களா, அது இருந்தா எனக்கு ஆகாது. கதிரேசன் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பிரித்து வைத்துப் பக்கம் பக்கமாகக் காட்டினார், கடன் இல்லை பாய், இதோ பாருங்க. ஹஜ்ஜுக்குப் போகணும் சார், நானும் அவளும், பேங்கில் போட்டா வட்டி வந்துரும், வட்டிப் பணத்துல அங்க போய் நிக்க முடியாது, அதனால்தான் கேக்குறேன். நீங்க சொன்னா சரியா இருக்கும். நீங்க சொன்னா சரியா இருக்கும் என்று அவர் சொல்லும்போது டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், அது எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது, டீ கிளாஸ் எங்கே இருந்தால் என்ன. பாயும் வாங்கினார். முதல் வருடம் விலை ஏறியது. ரம்ஜானுக்கு ஒரு தூக்கு நிறையப் பிரியாணியோடு வந்து, இது நம்ம குழாய்க் கம்பெனி பிரியாணி என்று சிரித்தார்.

சொல்லியிருக்கலாம். ஆடி மாதம், விலை நூற்றுப் பதினைந்தில் நின்றபோது, இனி தாங்காது, நாமும் வெளியே வந்துவிடலாம் என்று முடிவு செய்த அன்றைக்கு, தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் பாயிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். செருப்பைக்கூடப் போட்டுவிட்டார். வாசலில் நின்று யோசித்தார். பாயிடம் ஆறாயிரத்துக்கு மேல் இருக்கிறது, நம்மிடம் ஏழாயிரம். ஒரு நாளைக்கு வாங்க வருகிறவர்கள் இருநூறு முந்நூறுக்குத்தான் வருகிறார்கள், அதிலும் பாதியை அவன் தின்றுவிடுகிறான். மிச்சத்துக்கு நானும் பாயும் போட்டி போட்டால் ஒரே வாரத்தில் விலை பாதியாகிவிடும், இருவருக்கும் நஷ்டம். இருவருக்கும் என்றுதான் நினைத்தார், அந்த வார்த்தை நன்றாக நினைவிருக்கிறது, இருவருக்கும். ஒருவர் முதலில் வெளியே வந்துவிட்டால் மற்றவர் நிதானமாக வரலாம். அந்த ஒருவர் யார் என்பதை அவர் யோசிக்கவே இல்லை, அது முதலிலிருந்தே தீர்மானமாகியிருந்தது போல இருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து நூறு ஷேரை விற்றார். நூறுதான், பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி எடுப்பது போல. ஆனால் அந்த நூறுக்கே விலை இரண்டு ரூபாய் இறங்கியது. பாரு, அவன் இன்றைக்கும் இறக்குகிறான் என்றுதான் அதைப் பார்த்ததும் தோன்றியது. மறுநாள் இன்னும் நூறு. அதற்கு மறுநாள் இருநூறு. எப்போதும் கீழே ஒருவன் வாங்க நின்றான், அது ஒரு ஆறுதலாக இருந்தது, எவனோ ஒரு முட்டாள், விலை மலிந்துவிட்டது என்று நினைத்து ஒரு ரூபாய் குறைத்துக் கேட்டபடி தினமும் வந்து நிற்கிறான். அவனிடம் இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். அந்த முட்டாள் நன்றாக இருக்கட்டும் என்றுகூட ஒருநாள் மனசுக்குள் சொன்னார்.

"அந்த ஆளு இன்னைக்கும் வந்துட்டானா சார்?"

பாய் கண்ணைத் திறக்காமல் கேட்டார். மேலே மின்விசிறியைப் பார்த்துக் கேட்பது போல இருந்தது. கதிரேசனுக்கு ஒரு கணம், மனசில் ஓடியது வாய்விட்டு வந்துவிட்டதோ என்று இருந்தது.

"எந்த ஆளு பாய்?"

"அதான், நம்ம குழாய விக்கிறவன். என்ன ஜென்மம் சார் அது. லீவே போட மாட்டேங்குறான். தபால் ஆபீசுல இருந்திருந்தா இந்நேரம் போஸ்ட் மாஸ்டர் ஆயிருப்பான்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், இதற்குத்தானா வேறு எதற்கோவா தெரியவில்லை. கதிரேசன் தெரியலையே பாய், இன்னும் பார்க்கல என்றார். பொய் இவ்வளவு எளிதாக, குரல்கூட மாறாமல் வந்ததில் அவருக்கே ஒரு வியப்பு. பாய் கையால் துழாவித் தன் சட்டையிலிருந்து போனை எடுத்து, கண்ணைப் பாதி திறந்து அதை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார், பிறகு தூரத் தள்ளிப் பார்த்தார்.

"எல்லாம் கொழகொழன்னு தெரியுது. நீங்களே பாருங்க சார். காலையில ஆட்டோவுல வர்றப்ப ஒரு நூறு போட்டேன். ஆர்டர் முடிஞ்சு விழுந்துருச்சான்னு பாருங்க."

"போட்டீங்களா? என்ன போட்டீங்க?"

"வாங்கத்தான்." பாய் கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தார். "உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல. ஆடி மாசத்துல இருந்து கொஞ்சங் கொஞ்சமா வாங்கிட்டு வர்றேன். நல்ல கம்பெனி, நீங்க சொன்னது, எவனோ பைத்தியக்காரன் மலிவா குடுக்குறான், வேணாம்னா சொல்லணும்? சராசரி விலை இறங்கும்ல. ஆனா ஒண்ணு சார், அவன் நிக்கிற விலைக்குப் போக மாட்டேன். ஒரு ரூவா கீழ போட்டுட்டு உக்காந்துருவேன். அவனே இறங்கி வந்துருவான். கண்டுபுடிச்சிட்டேன், அவனுக்குப் பொறுமை கிடையாது."

ஆட்டோவில் பாய் போனை வைத்துக்கொண்டு குனிந்திருந்தது ஞாபகம் வந்தது. ஷார்ஜாவிலிருந்து மகன் ஏதாவது அனுப்பியிருப்பான் என்று நினைத்து, கதிரேசன் நாகரிகமாக வெளியே திரும்பிக்கொண்டார், பாலத்தின் மேலிருந்து வைகையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. அந்த நேரத்தில்தான். இப்போது பாயின் போன் அவர் கையில் இருந்தது. பழைய போன், மூலையில் கண்ணாடி விரிந்திருந்தது, உறையில் அத்தர் மணம். பாய் கடவு எண்ணைச் சத்தமாகச் சொன்னார், பின்வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, ரகசியம் என்று ஒன்று உலகத்தில் இல்லாதது மாதிரி. செண்பகா டியூப்ஸ். வாங்கியது நூறு, தொண்ணூற்று நான்கு ரூபாய். இன்று மொத்தம் கைமாறியது நூறு. மொத்தமே நூறு. கதிரேசன் அதை மறுபடி பார்த்தார். பாய் வாங்கியது நூறு, நான் விற்றது நூறு, ஊர் உலகம் எல்லாம் சேர்ந்து இன்றைக்குக் கைமாற்றியது நூறு. விற்பவர் பக்கம் தொண்ணூற்று நான்கில் இருநூறு நின்றது, அது தன்னுடையது, தன்னுடைய இருநூறை இன்னொருவர் போனில் பார்ப்பது, தெருவில் போகிறபோது கடைக் கண்ணாடியில் யாரோ ஒரு கிழவன் வருகிறானே என்று பார்த்து அது தானே என்று தெரிகிற மாதிரி இருந்தது. அதற்கு மேலே நூற்றுப் பத்தில் ஒருவன், நூற்று இருபதில் ஒருவன், விற்க வேண்டும் என்று இல்லாமல் சும்மா போட்டு வைத்தவர்கள். வாங்குபவர் பக்கம் எண்பத்தெட்டில் ஐந்து ஷேர். அவ்வளவுதான். அவன் எங்கே?

அவன் எங்கே போனான். நேற்று எவ்வளவு விற்றோம், இருநூறு, நேற்று மொத்தம் எவ்வளவு கைமாறியது, இருநூறுதானே, இருநூற்றுச் சொச்சம், பார்த்தோமே, பார்த்தும் ஏன் தோன்றவில்லை. முந்தின நாள்? அதற்கு முந்தின வாரம்? எப்போது போனான்? ஆவணியிலேயே போயிருப்பானா, அந்த அம்மாள் தான் வைத்திருந்ததை எல்லாம் விற்று முடித்துவிட்டு நிம்மதியாகக் காசிக்குக்கூடப் போயிருப்பாளா, நான் அவளுடைய இடத்தில் ஏறி நின்றுகொண்டு அவளைக் கண்டே பயந்துகொண்டிருந்தேனா. இவ்வளவு நாளாக விலையை இறக்கியது யார்? காலையில் எழுந்ததும் போனைப் பார்த்து, பாரு இன்னும் இறக்கிவிட்டான் என்று யாரைத் திட்டினேன்? ஒரு ரூபாய் கீழே நிற்கிற அந்த முட்டாள், இறங்கி வருவான் என்று தெரிந்து காத்திருந்த அந்த முட்டாள், இதோ பக்கத்தில் கன்னத்தில் மருந்து வழிய உட்கார்ந்திருக்கிறார். அவர் ஒரு ரூபாய் கீழே போய் நிற்பார், நான் பயந்து இறங்கி வருவேன், மறுநாள் இறங்கிய விலையைப் பார்த்து இன்னும் பயப்படுவேன், அவர் இன்னும் ஒரு ரூபாய் கீழே போய் நிற்பார். நாலு வீடு தள்ளி. சாயங்காலம் ஒன்றாக டீ குடித்துக்கொண்டே. அந்தத் திண்டுக்கல் ரோட்டுத் தொழிற்சாலைக்கு இது எதுவும் தெரியாது, அது பாட்டுக்குக் குழாயை நீட்டி நீட்டி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். ஆனால் எங்கேயோ ஈரோட்டிலோ ராஜ்கோட்டிலோ இந்த ஷேரை வைத்திருக்கிற எவனோ ஒருவன், என்னடா தினமும் எவனோ விற்கிறான், அவனுக்கு ஏதோ தெரியும் என்று என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பான், எனக்கு ஒரு முகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு என்ன தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது.

"விழுந்துருச்சா சார்?"

"விழுந்துருச்சு பாய்."

"எவ்வளவுல?"

"தொண்ணூத்தி நாலு."

"பாத்தீங்களா. நேத்து தொண்ணூத்தஞ்சு. இன்னும் நிக்கிறானா?"

"இருநூறு நிக்குது. தொண்ணூத்தி நாலுல."

"அப்ப தொண்ணூத்தி மூணுல இருநூறு போடுங்க. வரட்டும்."

கதிரேசன் போட்டார். விரல் தானாகப் போட்டது, நண்பர் சொல்கிறார், அவருக்குக் கண் தெரியவில்லை, உதவிக்கு வந்திருக்கிறோம், போடு என்றால் போடுவதுதான் உதவி. தொண்ணூற்று மூன்றில் இருநூறு போய் நின்றது. பிறகு தன் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இடது தொடையில் பாயின் போன், வலது தொடையில் தன் போன், இரண்டிலும் அதே பக்கம், அதே இரண்டு எண்கள், நடுவில் ஒரு ரூபாய். வலது பக்கம் நான்கை மூன்றாக மாற்றினால் போதும், முடிந்துவிடும், நேற்றும் அதற்கு முந்தின நாளும் அதைத்தான் செய்தார், யாருக்கும் தெரியாது, இன்றும் தெரியாது, பக்கத்தில் இருக்கிறவருக்கு உலகமே கொழகொழவென்று இருக்கிறது. தப்பு என்ன இதில்? கம்பெனி நல்ல கம்பெனி, மலிவாகக் கிடைக்கிறது, வாங்குகிறவருக்கு நல்லதுதானே. நல்லது என்றால் நீ ஏன் விற்கிறாய்? பயம். எதைக் கண்டு பயம்? விற்கிறவனைக் கண்டு. விற்கிறவன் யார்? இந்த இடத்துக்கு வந்ததும் எண்ணம் முட்டி நின்றது, திரும்பி முதலிலிருந்து ஓடி வந்தது, மறுபடி இங்கேயே முட்டியது. சரி, விற்பதை விட்டுவிடலாம், ஆர்டரை எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம், நாளையிலிருந்து அவன் வரமாட்டான், ஒழிஞ்சான் சார் என்று பாய் சந்தோஷப்படுவார், டீ வாங்கிக் கொடுப்பார், அந்த டீயைக் குடிக்கலாம். குடிக்க முடியுமா? நாலாயிரத்துச் சொச்சம் மிச்சம் இருக்கிறதே. அதை வைத்துக்கொண்டு ராத்திரி பல்லைக் கடிக்காமல் இருக்க முடியுமா? கட்டைவிரல் நான்கின் மேல் நின்றது, ஈரமாக இருந்தது, எண் இரண்டாகத் தெரிந்தது, சொட்டு மருந்து தன் கண்ணில் விட்டது போல.

நர்ஸ் பெண் டார்ச்சோடு வந்து பாயின் இமையை விரலால் தூக்கிப் பார்த்தாள். ரெண்டும் விரிஞ்சிருச்சு, இந்தக் கண்ணுக்கு மட்டும் கடைசியா இன்னொரு சொட்டு. பாய் ஸ்ஸ் என்று முகத்தைச் சுருக்கினார், எரிச்சலில் கை தானாக நீண்டு கதிரேசனின் முழங்கையைப் பற்றிக்கொண்டது, எரிச்சல் அடங்கிய பிறகும் எடுக்கவில்லை. நர்ஸ் போய்விட்டாள். அந்தக் கை அங்கேயே இருந்தது, நரம்பு புடைத்த கை, நாற்பது வருடம் முத்திரை குத்திய கை, கனமே இல்லாமல் இருந்தது.

"இறங்கி வந்துட்டானா சார்?"

"பாய்."

"ம்."

"அந்த ஆளு நான்தான் பாய்."

பாய் சிரிக்கத் தொடங்கினார், கேலிக்குச் சொல்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்தினார். கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார். கண்மணி முழுக்க விரிந்து இரண்டு கண்ணும் வெறும் கறுப்பாக இருந்தன, கதிரேசனின் முகம் இருக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி எங்கேயோ பார்த்தன.

"என்ன சொல்றீங்க?"

"ஆடியில இருந்து நான் வித்துட்டு வர்றேன். நீங்க வாங்குறது எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. இப்பத்தான், உங்க போனைப் பாத்ததும்."

கை முழங்கையிலிருந்து எடுக்கப்பட்டது. மெதுவாகத்தான் எடுத்தார், ஆனால் அந்த இடத்தில் காற்றுப் பட்டது.

"கம்பெனிக்கு ஏதாச்சுமா?"

"ஒண்ணும் இல்ல பாய். நல்லாத்தான் இருக்கு."

"அப்பறம் ஏன்?"

"பயந்துட்டேன். யாரோ விக்கிறான், விக்கிறான்னு பாத்துப் பாத்து."

பாய் அதைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தார். தபால் ஆபீசில் விலாசம் தெளிவில்லாத கவரை இப்படித்தான் வைத்துப் பார்த்திருப்பார். கூடத்தில் யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள், இருவரும் நிமிர்ந்தார்கள், இவர் பெயர் இல்லை.

"இன்னும் எவ்வளவு இருக்கு உங்ககிட்ட?"

"நாலாயிரத்துக்கு மேல."

"நாலாயிரம்." பாயின் உதடுகள் அசைந்தன. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வித்துருப்பேன்ல சார். நூத்திப் பதினஞ்சுல."

இதற்குப் பதில் சொல்லக்கூடாது என்றுதான் கதிரேசன் நினைத்தார், ஆனால் இந்தக் காலை முழுவதும் உள்ளே சுற்றிச் சுற்றி வந்தது வேறு எங்கேயும் போக இடமில்லாமல் வெளியே வந்தது. "நீங்களும் வித்தா வாங்க ஆள் இருந்திருக்காது பாய். அதனாலதான் சொல்லல."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்ற அன்றைக்கு இருவருக்கும் நஷ்டம் என்று நினைத்ததெல்லாம் மேலே போட்டிருந்த துணி, கீழே இருந்தது இதுதான். பாய் கோபப்படுவார், சத்தம் போடுவார், எழுந்து போவார் என்று கதிரேசன் காத்திருந்தார், அப்படி ஏதாவது நடந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. பாய் மறுபடி தலையைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டார். கசக்கக் கூடாது என்று சொல்லியிருந்தும் ஒருமுறை மணிக்கட்டால் கண்ணோரத்தைத் துடைத்தார், மருந்தைத்தான்.

"என் ஆர்டர் நிக்குதா?"

"நிக்குது."

"எடுத்துருங்க."

எடுத்தார். பிறகு, யாரும் கேட்காமல், தன்னுடையதையும் எடுத்தார். இரண்டு திரைகளிலும் நடுப்பகுதி காலியானது. எண்பத்தெட்டில் ஒரு ஐந்து ஷேர், நூற்றுப் பத்தில் ஒருவன், இடையில் ஒன்றும் இல்லை. விலை மட்டும் தொண்ணூற்று நான்கு என்று காட்டிக்கொண்டிருந்தது, இனி அந்த விலைக்கு வாங்க ஆளும் இல்லை, விற்க ஆளும் இல்லை. வெகுநேரம் அதையே பார்த்தார். அசையவில்லை. இத்தனை மாதமாக ஒரு கணமாவது அசையாமல் நிற்காதா என்று ஏங்கியது இதுதான், நின்றுவிட்டது.

சிக்கந்தர் என்று கூப்பிட்டார்கள். கதிரேசன் எழுவதற்குள் பாய் எழுந்து நாற்காலி முதுகுகளைத் தடவிக்கொண்டு நடந்தார், நர்ஸ் பெண் ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். கதவு மூடிக்கொண்டது. அவர் உள்ளே இருந்த நேரம் முழுவதும் கதிரேசன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு பெண் தன் அப்பாவின் தலையை நிமிர்த்தி வைத்து, அசையாதீங்க அசையாதீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து இவர் என்ன சொல்வார், டீக்கடையில் சொல்வாரா, ஷார்ஜா மகனிடம் சொல்வாரா, வசந்தாவிடம் நான் எப்படிச் சொல்வேன், சொல்லாவிட்டால் ரம்ஜானுக்குத் தூக்கு வராதபோது என்ன காரணம் சொல்வேன். மலிவாக வாங்கிக்கொண்டதில் அவருக்கு ஒருநாள் லாபம் வரலாம், விலை திரும்ப நூற்று எண்பதுக்குப் போகலாம், அப்போது அவர் என்னை மன்னிக்கலாம், அப்படியானால் மன்னிப்பும் அந்தத் திரையில்தான் தெரிய வேண்டும், காலையில் எழுந்ததும் பார்க்க வேண்டும். சீ.

பாய் கறுப்புக் காகிதக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். கதிரேசன் எழுந்து நின்றார்.

"என்ன சொன்னாங்க பாய்?"

"புரை முத்திருச்சாம். வியாழக்கிழமை ஆபரேஷன்." கொஞ்சம் நிறுத்தினார். "கூட ஒரு ஆள் வரணுமாம்."

"நான் வர்றேன்."

வேறு யாரைக் கூப்பிடலாம் என்று பாய் யோசித்துப் பார்க்கிறார் என்று கதிரேசனுக்குத் தெரிந்தது.

"வாங்க," என்றார் பாய். "ஆனா விக்கிறதா இருந்தா வீட்டுலயே வித்துட்டு வந்துருங்க. இங்க வந்து பக்கத்துல உக்காந்துக்கிட்டு வேணாம்."

சரி என்றார். வாசலுக்கு வந்தபோது வெயில் முகத்தில் அடித்தது, பாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், முன்னே ஒரு கையை நீட்டித் துழாவினார். கதிரேசன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். உதறவில்லை. சாய்ந்துகொள்ளவும் இல்லை. விழாமல் இருக்க எவ்வளவு பிடிப்பு வேண்டுமோ அவ்வளவுதான் அந்தக் கையில் இருந்தது. ரோட்டோரத்தில் ஆட்டோக்காரர் இந்தப் பக்கம் பார்த்து வண்டியைக் கிளப்பினார்.

"படி இருக்கு பாய்."

பாய் கால் விரலால் விளிம்பைத் தேடி, தேடிக் கண்டுபிடித்த பிறகே ஒவ்வொரு படியாக இறங்கினார். பின்னால் வந்தவர்கள் பொறுமையில்லாமல் ஒதுங்கிப் போனார்கள்.

"முடிஞ்சிருச்சு பாய். இனி தரைதான்."

பாய் நின்றார். பிறகு வலது காலை முன்னே நீட்டி, இன்னொரு படி இருக்கிறதா என்று தரையை மெதுவாகத் தட்டிப் பார்த்தார்.